முக்கால் சுற்று

ஜனவரி 23, மாலை ஆறு மணி பத்து நிமிடம். வைட்ஃபீல்டிலிருந்து திரும்பும் மெட்ரோவில், என் அருகே நின்றவர் தம் அக்காவிடம் சொன்னார்: "பல்லை எண்ண முடியலைன்னா அது நின்னுடும்க்கா."

"நாளைக்கு என் பொண்ணு கல்யாணம். பூசை முடிஞ்சு பத்து மணிக்கு விவேக் நகர் ஹாலுக்கு வர்றப்ப கரண்ட் கட்டாம். நீ ரிப்பேர் பண்ண ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆன உடனே நிக்குது. இதுல யார் பல்லைடா எண்றே?"

"இஞ்சின் சக்கரத்துப் பல்லுக்கா. பக்கத்துல ஒரு சென்சார் இருக்கு. ஒவ்வொரு பல்லு தாண்டுறப்பவும், ஸ்பீடைக் கட்டுப்படுத்துற கவர்னருக்கு சிக்னல் போகும். ஸ்பீடு குறைஞ்சா அது டீசலைக் கூட்டும், ஏறினா குறைக்கும். சிக்னலே வரலைன்னா இஞ்சினை நிறுத்திடும்."

"உங்க மாமாவுக்கும் ஒண்ணு மாட்டு. மைக்கைப் பிடிச்சா நிறுத்தவே மாட்டாரு. சரி, சென்சாரைக் கழட்டித் துடைச்சியே, ஒழுங்கா மாட்டினியா?"

"பல்லைத் தொடுற வரைக்கும் திருகிட்டு, முக்கால் சுத்து பின்னால..." அவர் விரல்கள் காற்றில் ஒருமுறை, இருமுறை, மும்முறை திருகி நின்றன. "அய்யோ அக்கா! பல்லுல இடிச்சிடுமோன்னு பயந்து மூணு சுத்து விட்டுட்டேன். அவ்ளோ தூரத்துலேர்ந்து அது எப்படி எண்ணும்?"

"லூசுப் பயலே, இறங்குடா!"

ட்ரினிட்டியில் இருவரும் சிரித்துக்கொண்டே ஆட்டோவுக்கு ஓடினார்கள்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, வேலை எதுவும் இல்லாமலே அந்த மண்டபத்துத் தெருவுக்குப் போனேன். கடைகளில் விளக்கில்லை. மண்டபத்தின் ஜெனரேட்டர் மட்டும் ஏற்ற இறக்கமின்றி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மணமகளின் தந்தை மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் நின்று பார்த்தேன். இரண்டும் நிற்கவில்லை.