தாய்மாமனின் கைகள்

"வீட்டுக்குள்ள போனதும் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உக்காந்துரு," என்றார் முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா, பக்கத்தில் இருந்த தன் தம்பியிடம். அந்தத் தம்பிக்கே ஐம்பது வயது இருக்கும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் என் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள், இடம் மாற முடியவில்லை.

"மாப்பிள்ளை வீடு பாக்கப் போறோம். தாய்மாமன் இல்லாமப் போகக் கூடாதுன்னுதான் உன்னயக் கூட்டிட்டு வாரேன்."

"என்ன வேலைன்னு கேட்டா என்னக்கா சொல்ல?"

"காலேஜ்ல மியூசிக் புரொபசர்னு சொல்லு."

"ராக் மியூசிக் பத்திப் புத்தகம் எழுதியிருக்கேனே?"

"அதையும் சொல்லு, படிச்சவன்னு தெரியட்டும். ட்ரம்ஸ் வாசிக்கிறத மட்டும் சொல்லாத. போன சம்பந்தத்துல, அவிய பேசிக்கிட்டு இருக்கையிலயே பலகாரத் தட்டுல தாளம் போட்டியே!"

"புதுசா ஒரு மெட்டு வந்துச்சுக்கா. அப்பவே தட்டிப் பாக்கலன்னா மறந்துரும்."

"உனக்கு மெட்டு வந்துச்சு. எம்மகளுக்கு வந்த மாப்பிள்ளை போயிட்டான்."

தம்பி இப்போதே கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தூரத்தில் கோயில் கோபுரம் தெரிந்ததும் அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"ஏலே, கைய வெளிய எடு."

"எதுக்குக்கா?"

"நெஞ்சு படபடன்னு வருது. எறங்குற வரைக்கும் எதையாச்சும் மெதுவாத் தட்டு."

அவர் சீட்டுக் கம்பியில் விரல்களால் தட்டினார். குழந்தை எழுந்துவிடுவாளோ என்று பயந்தேன், அவள் எழவில்லை. அந்த அம்மாவின் தலை மெல்ல ஆட ஆரம்பித்தது.

"இது நல்லாருக்குலே," என்றார். "அங்க போயித் தட்டிராத."