ஏழு நிமிஷம் விற்பனைக்கு இல்லை

தலைமை தாங்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் யூசுப் அவர்களே! மேடையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் வித்யா அவர்களே! எங்கள் அனுசுயாவைப் பெற்ற தாயே, நாகம்மா அவர்களே! திருநின்றவூரிலிருந்து ரயிலேறி வந்தவர்களே! என் பேச்சு நீளும் என்று தெரிந்தும் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த மாவீரர்களே! மூன்றாவது வரிசையில் மலர்வளையத்தை மடியில் வைத்திருக்கும் கம்பெனித் தம்பி கோகுல்நாத் அவர்களே! எல்லோருக்கும் இந்த பால்ராஜின் வணக்கம்.

ஐந்து நிமிடத்தில் முடிக்கும்படி தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். முயல்கிறேன். முடியாவிட்டால் மைக்கைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். தொண்டை என்னுடையது.

யார் இந்த அனுசுயா? நாற்பத்தோரு வயதில் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தோமே, அவர் யார்? வீடியோ கேம் வடிவமைப்பாளர்! அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடி. கீழே மெஷின் ஓடினால் மேலே டீ கிளாஸ் பரதநாட்டியம் ஆடும். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு உலகத்தையே நிறுத்தியவர்! ராணுவத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் டாங்கியோடு மல்லுக்கட்டிய நான் சொல்கிறேன்: டாங்கியைக்கூடத் திருப்பிவிடலாம், அனுசுயாவைத் திருப்ப முடியாது!

அவர் செய்த விளையாட்டின் பெயர் 'ஏழு நிமிஷம்'. ரயில்வே கேட் மூடியிருக்கிறது. நீங்கள் ஸ்கூட்டரில் நிற்கிறீர்கள். ஏழு நிமிஷம் கழித்துக் கேட் திறக்கும். அவ்வளவுதான் ஆட்டம்! சுட வேண்டாம், தாண்ட வேண்டாம், யாரையும் ஜெயிக்க வேண்டாம். கேட்டவுடன் நானும் உங்களைப் போலத்தான் சிரித்தேன்.

நாங்கள் சந்தித்ததே ஒரு நிஜக் கேட்டில். மூடிய கேட்டுக்கு அடியில் ஸ்கூட்டரைச் சாய்த்து நுழைக்கப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னா அங்கிள், ஊட்ல உலை கொதிக்குதா? இப்டி வாங்க. எனக்கு ஏழு நிமிஷம் சும்மா நிக்கிற ஆள் ஒண்ணு வோணும்."

அவர் வேலை செய்யும் முறை அது. கேட்டில் மாட்டிக்கொண்டவர்கள் கையில் செல்போனைத் திணித்து விளையாட வைப்பார். தப்பித்து எங்கே ஓடுவார்கள்? நானும் விளையாடினேன். "போர் அடிக்குதும்மா" என்று திருப்பி நீட்டினேன்.

"என்ஜின ஆஃப் பண்ணீங்களா?"

விளையாட்டில் என் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், நிஜத்தில் என் ஸ்கூட்டரும் ஓடிக்கொண்டே இருந்தது! இரண்டையும் அணைத்தேன். விளையாட்டில் சத்தங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஷேர் ஆட்டோவில் ஒருத்தி இன்டர்வியூவுக்கான பதில்களை மனப்பாடம் செய்கிறாள். ஒருவர் மீன்தொட்டியைக் கட்டிப்பிடித்து, "பயப்படாத நைனா, இதோ வந்துட்சி ஊடு" என்று மீனுக்கு ஆறுதல் சொல்கிறார். நாம் திரும்பிப் பார்த்தால் அவர்கள் பேசுவார்கள். பேசினால் கதை விரியும். தினம் வேறு ஆட்கள்.

நானும் நிஜத்தில் திரும்பிப் பார்த்தேன். முப்பத்தாறு வருடமாக நிற்கிற கேட். பக்கத்து வண்டிக்காரர் என் பக்கத்து பிளாக்குக்காரர் என்று அன்றுதான் தெரிந்தது. அவர்தான் இன்று எனக்குச் சீட்டு அனுப்பிய தலைவர்!

கேட்டுக்கு அடியில் நுழையப் பார்த்ததற்குத் தண்டனையாக என் குரலை வாங்கிக்கொண்டார் அனுசுயா. விளையாட்டில் எவனாவது கேட்டுக்கு அடியில் குனிந்தால் நான் கத்துவேன்: "யோவ்! ஊட்ல சொல்லிகினு வந்தியா?" பிரேசிலில் திட்டு வாங்கினார்கள். பின்லாந்தில் வாங்கினார்கள். ஐந்து கண்டங்களிலும் வசவு ஏற்றுமதி செய்த ஒரே ஆவடிக்காரன் நான்தான்!

கடைசியில் அவளே குனிந்து போய்விட்டாள். இன்னும் கேட் திறக்கவே இல்லை. ஊட்ல சொல்லிகினு போனியாம்மா? அவளை யார் திட்டுவது?

சரி. அழுகை போதும். அவளுக்கு அது பிடிக்காது.

அவள் படுக்கையில் இருந்தபோது ஒரு பெரிய கம்பெனி கடிதம் அனுப்பியது. விளையாட்டை இன்னும் கோடிப் பேரிடம் கொண்டுபோகிறார்களாம். ஒரே ஒரு மாற்றம். கேட் மூடியதும் திரையில் ஒரு பொத்தான். காசு கட்டினால் கேட் உடனே திறக்கும். காசில்லாதவர் விளம்பரம் பார்க்கலாம். எப்பேர்ப்பட்ட ஞானம்! சாப்பிடாமலே ஏப்பம் விட ஒரு பொத்தான்!

அனுசுயா படுத்தபடியே பதில் சொன்னாள். நான் அருகில் இருந்தேன். "காத்துகினு நிக்கிறதுதான் அங்கிள் ஆட்டமே. பொத்தான வெச்சா, காசு கீறவன் போய்க்கினே இருப்பான். இல்லாதவன் மட்டும் கேட்ல நிப்பான். அது ரோட்லயே கீதே. அத்த செய்ய நான் எதுக்கு?"

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அந்தக் கம்பெனியிலிருந்து தம்பி கோகுல்நாத் வித்யாவிடம் வந்தார். அனுசுயாவோடு சேர்ந்து விளையாட்டைச் செய்தவள் அவள்; இப்போது அதன் உரிமை வித்யா ஒருத்தியிடம்தான். "மேடம் இருந்தவரைக்கும் சரி. இப்போ நீங்க பிராக்டிகலா யோசிக்கலாமே" என்றார். திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். போடாவிட்டால் என்ன ஆகும்? மறைக்க மாட்டேன். வாடகைக்கு வழியில்லாமல் எஸ்டேட் அறையைக் காலி செய்ய வேண்டும். அங்கே மூன்று பேருக்கு வேலை போகும். உலகத்து கேம் கம்பெனிகள் ஆயிரம் ஆயிரமாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, ஒரே ஒரு மின்னஞ்சலில் தெருவுக்கு வந்தவள் வித்யா. அந்தப் பயம் அவளுக்குத் தெரியாதா? தம்பி, உங்கள் மீதும் எனக்குக் கோபமில்லை. அடுத்த மின்னஞ்சல் உங்களுக்கா என்று நீங்களும் தினம் பார்க்கிறவர்தானே!

இன்று காலை வித்யா என்னிடம் வந்தாள். "அங்கிள், பேசும்போது நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அழுதுடுவேன்."

சொல்கிறேன். கையெழுத்து கிடையாது! திங்கள் கிடையாது, செவ்வாய் கிடையாது, சூரியன் பூந்தமல்லியில் உதித்து அம்பத்தூரில் மறைந்தாலும் கிடையாது! நூம்பலில் நம் தலைவர் யூசுப் பாயின் மாடி அறை இருக்கிறது. மழை வந்தால் ஒழுகும். ஒழுகட்டும்! மேசையை நகர்த்திப் போட்டுக்கொள்வோம். மூன்று பேரும் பகலில் வேறு வேலை பார்த்து, ஞாயிறுகளில் அங்கே கூடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அவள் பாதியில் விட்ட கதைகளை முடிப்பார்கள். திட்டுவதற்கு இந்தத் தொண்டை உயிருள்ளவரை இலவசம். நாகம்மா அம்மா, உங்கள் மகள் மூடிய கேட்டை எவனும் காசு கொடுத்துத் திறக்க மாட்டான். இது இந்தச் சபையின் வாக்கு!

அழைப்பிதழில் மௌன அஞ்சலி இரண்டு நிமிடம் என்று போட்டிருக்கிறது. தலைவர் மன்னிக்கவும், அது அனுசுயாவுக்குப் போதாது. ஏழு நிமிடம் நிற்போம். கோகுல்நாத் தம்பி, வளையத்தை நாற்காலியில் வைத்துவிட்டு நீங்களும் நில்லுங்கள். அவசரமிருந்தால் குனிந்து போகலாம், திட்ட நான் இருக்கிறேன். நிற்கிறவர்கள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

கேட் மூடுகிறது. எல்லோரும் என்ஜினை அணையுங்கள்.