நாற்பத்தோரு கைகள்

ஊர்த்தலைவி ரெகுலா ஸ்டாடெல் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் வணக்கத்துக்குரிய பாதிரியார் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி தெரெசியா இம்ஹோஃப் அவர்களே, அவருடைய மகள் நெல்லி அவர்களே! சுவரோரமாக, விருந்தினர் பெஞ்சில், தமது வழக்கமான இடத்திலேயே அமர்ந்திருக்கும் திரு. ஹார்ட்விக் அவர்களே! பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில், கூடைப்பந்து வளையங்களுக்குக் கீழே, ஈரக் கோட்டுகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஓபர்மாட் ஊர்ப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் தளர்ந்த வணக்கம்.

ஒரு கதை சொல்லப்போகிறேன். பாதிரியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சத்தியம் செய்கிறேன்: இதை உங்களில் ஒருவர்கூட நம்பப்போவதில்லை. நம்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த ஊரின் பொருளாளராக இருந்து, நான் சொன்னதையெல்லாம் நம்பி நம்பி நீங்களும் களைத்துப்போயிருப்பீர்கள். சொல்லிச் சொல்லி நானும் களைத்துவிட்டேன்.

பனித்தள்ளு வேந்தர்! சாலைப் பராமரிப்புச் சக்கரவர்த்தி! பத்தொன்பது தோல்விகளின் தனிப்பெரும் தலைவர்! பால்ட்ஸ் இம்ஹோஃப் அவர்கள் நம்மை விட்டுப் போய்விட்டார். போன மாதம் ஒன்பதாம் தேதி, காலைக் காப்பியை ஆறவைத்துவிட்டுப் போய்விட்டார். யாரிடமும் சொல்லாமல் அவர் செய்த ஒரே காரியம் அதுதான்.

அவருடைய எதிரியை ஏன் பேச அழைத்தார்கள் என்று பின்வரிசையில் முணுமுணுக்கிறீர்கள். கேட்கிறது. நானும் அதையேதான் கேட்டேன். தெரெசியா என் வீட்டு வாசலில் நின்று சொன்னார்:

“நீதான் பேசணும், மெல்க். அந்த மனுஷன் வாழ்நாள்ல அதிகமாப் பேசினது உன்கூடத்தான். என்கிட்ட ‘உப்பு எங்க’ன்னு கேட்டதோட சரி.”

இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? வந்துவிட்டேன்.

அவருடைய குரலை மறக்க முடியுமா! ஊர்க்கூட்டத்தில் அவர் எழுந்து “தலைவரே!” என்று ஒரு சொல் சொன்னால் ஏரியின் மறுகரையில் பனிச்சரிவு இறங்கும். நீடர்வில் ஊர்க்காரர்கள் இதற்காகவே நம் மேல் மூன்று முறை வழக்குப் போட்டார்கள். அவருடைய பேச்சின் நீளத்தை அளந்தவர் உண்டா? ஒரு வருடம் அவர் பேசத் தொடங்கியபோது சினைக்கு விட்ட பசு, அவர் உட்காருவதற்குள் ஈன்று, அந்தக் கன்று மாட்டுக் கண்காட்சியில் இரண்டாம் பரிசும் வாங்கிவிட்டது. அவர் பனித்தள்ளு வண்டியால் சுத்தம் செய்த சாலையைப் பார்த்துக் கூச்சப்பட்டு, பாதி வழி இறங்கிவந்த பனி மறுபடி மேகத்துக்கே ஏறிப்போனதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்!

அப்படிப்பட்டவர் பத்தொன்பது ஆண்டுகள் ஒரே ஒரு விஷயத்துக்காக என்னோடு மோதினார். வரிக்குறைப்பு. ஒவ்வொரு நவம்பரிலும், ஊரின் வரிவிகிதத்தைக் கைதூக்கி முடிவு செய்யும் அந்தக் கூட்டத்தில், நான் குறைக்கச் சொல்வேன். அவர் கூடாது என்பார். பத்தொன்பது முறை நான் வென்றேன். பத்தொன்பது முறை அவர் தோற்றார். பார்க்கப்போனால், களைப்பு அவருக்கல்லவா வந்திருக்க வேண்டும்?

என் பக்கத்து நியாயத்தை இன்றும் நான் மறுக்கவில்லை. திரு. ஹார்ட்விக்கும் அவரைப் போன்ற பதினொரு செல்வந்தர்களும் இந்த ஊர் வரியில் பாதியைக் கட்டுகிறார்கள். மீதி நாம் அறுநூறு பேர். விகிதத்தைக் குறைத்தோம், வந்தார்கள். குறைக்காவிட்டால், ஏரிக்கு அந்தப்பக்கம் நீடர்வில் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறது. படகில் எட்டு நிமிடம். செல்வம் என்பது முயல், அவையோரே! கைதட்டினால் ஓடிவிடும். இதை நான் சொன்னேனா? சொன்னேன். பொய்யா? இல்லை.

பால்ட்ஸ் என்ன சொன்னார்? ஒரு கூட்டத்துக்குப் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். இதே இடத்தில் நின்றார்.

“மெல்க், போன வருஷம் கொறைச்சியே, அதுல எனக்கு எவ்வளவு மிச்சம்?”

“அறுபத்திமூணு ஃபிராங்க்.”

“அதுலதான் இதை வாங்கினேன். நல்ல கையுறை. உனக்குப் புண்ணியமாப் போகட்டும். ஹார்ட்விக் சாருக்கு எவ்வளவு மிச்சம்?”

“அடுத்தவர் வரிக்கணக்கை நான் சபையில சொல்லக் கூடாது. சட்டம்.”

“சரி, ஃபிராங்க்ல சொல்லாத. கையுறையில சொல்லு. எத்தனை ஜோடி?”

கூடம் அதிர்ந்தது. சிரிப்பில் கூடைப்பந்து வளையம் ஒன்று கழன்று விழுந்தது. நானும் சும்மா இருக்கவில்லை.

“ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் ஆளுக்கொரு ஜோடி. பசுக்களுக்கும் சேத்து. அதுவும் நாலு காலுக்கும்!”

விருந்தினர் பெஞ்சிலிருந்து திரு. ஹார்ட்விக்கும் சிரித்தார். அது அவருடைய பெருந்தன்மை.

“ஆனா பால்ட்ஸ்,” என்றேன், “விகிதம் எல்லாருக்கும் ஒண்ணுதானேடா! உனக்கும் பத்துல ஒண்ணு கொறையுது, அவருக்கும் பத்துல ஒண்ணு கொறையுது. இதுல எங்கடா அநியாயம்?”

“கொறைச்சது சமமாத்தான் கொறைச்சீங்க. அதுக்கப்புறம் ஆறு மணி பஸ்ஸ நிறுத்தினீங்களே, அதுல ஹார்ட்விக் சார் வாரத்துல எத்தனை நாள் போயிட்டிருந்தாரு?”

“அவர் நீடர்வில்லுக்குப் போயிட்டா பஸ் மட்டுமில்ல, இந்தப் பள்ளிக்கூடமே போயிடும்டா!”

பால்ட்ஸ் கையுறையைக் கழற்றினார். பிறகு சொன்னார்: “அந்தப் பயம் எனக்கும் இருக்கு. பயத்துல கை தூக்குறது வேற, நியாயம்னு நினைச்சுத் தூக்குறது வேற. ரெண்டையும் ஒண்ணா எண்ணுறீங்களே, அதைத்தான் சொல்றேன்.”

அன்றும் நான்தான் வென்றேன்.

வீட்டில் அவருக்கு ஆன இழப்பை அவர் ஒருநாளும் சபைக்குக் கொண்டுவந்ததில்லை. செல்வந்தர்கள் வந்தார்கள், வாடகை ஏறியது. வீடு வீடாகப் போய் நம் முதியவர்களுக்குக் கட்டுப்போடும் நர்ஸ், அவர் மகள் நெல்லிக்கு இந்த ஊரில் குடியிருக்க ஓர் அறை கட்டுப்படியாகவில்லை. கணவாய்க்கு அப்பால் குடிபோனார். விடியுமுன் அந்தக் கணவாயைக் கடந்துதான் இங்கே வேலைக்கு வர வேண்டும். அடுத்த ஆண்டு, காலை ஏழு மணிக்கு முன் பனி தள்ளுவதற்குச் சம்பளம் இல்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் கணவாய்ச் சாலை ஐந்து மணிக்கே சுத்தமாக இருந்தது. யார் தள்ளினார்? எவர் சம்பளத்தில் தள்ளினார்? எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஒருவரும் கேட்கவில்லை.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அது வரியைப் பற்றிக்கூட இல்லை. மறைவு வாக்கெடுப்பு. ஒரே ஒரு முறை, கைதூக்காமல், சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஏன் என்று கேட்டபோது சொன்னார்:

“தோக்கிறதைப் பத்திக் கவலையில்லடா. தோத்துத் தோத்து எனக்கு அது வழக்கமாயிடுச்சு. யாருகிட்ட தோத்தேன்னு தெரியணும். உங்க மனசுகிட்டயா, அந்த பெஞ்சுகிட்டயா?”

அந்த பெஞ்சு! வெளிநாட்டிலிருந்து வந்து குடியுரிமை பெறாதவர்களுக்கு இங்கே வாக்கில்லை. சுவரோரம் உட்கார்ந்து பார்க்கலாம். எனவே திரு. ஹார்ட்விக் ஆண்டுதோறும் அங்கே உட்கார்ந்து, ஒரு பேரிக்காயை நறுக்கித் தின்றபடி, மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கிருந்து எல்லோருடைய கையும் தெரியும். ஊர் வாத்தியக் குழுவின் ஊதுகொம்புகள் அவர் தந்தவை. பனிச்சறுக்கு மலையில் ஆளை மேலே இழுக்கும் கம்பி அவர் தந்தது. நம் தச்சர், நம் மின்காரர், நம் தோட்டக்காரர், எல்லோருக்கும் அவர் வீட்டில் வேலை. இப்படிப்பட்ட மனிதரின் முகத்துக்கு நேரே கையைத் தூக்கி “உங்களுக்குக் குறைக்கக் கூடாது” என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

பால்ட்ஸ் அவரிடமே நேராகச் சொல்லிவிட்டார்: “சார், நீங்க கெட்டவரா இருந்திருந்தா எனக்கு வேலை சுலபமா இருந்திருக்கும்.”

திரு. ஹார்ட்விக் கத்தியை மடக்கிவிட்டுச் சொன்னார்: “இம்ஹோஃப், ஒண்ணு சொல்லட்டுமா? வரியைக் கொறைங்கன்னு நான் ஒருநாளும் கேட்டதே இல்ல. நீங்களாத்தானே வருஷா வருஷம் கொறைக்கிறீங்க?”

உண்மை, அவையோரே. அவர் கேட்டதே இல்லை.

சரி, மறைவு வாக்கெடுப்பை வைத்துவிட்டுப் போகலாமே? அங்கேதான் நம் சட்டத்தின் அழகு! மறைவாக வாக்களிக்க வேண்டுமென்றால், கூடியிருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் அதைக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்க வேண்டும்? எல்லோரும் பார்க்க, கையைத் தூக்கி! பயந்தவன் தன் பயத்தை மறைக்க அனுமதி கேட்டு, பயமில்லாமல் எழுந்து நிற்க வேண்டும். இதை எழுதிய நம் முன்னோரின் கல்லறையில் நான் ஆண்டுதோறும் மலர் வைக்கிறேன். பாதி மரியாதையில், பாதி கோபத்தில்.

பத்தொன்பது ஆண்டுகளும் பால்ட்ஸ் அதைக் கேட்டார். முதல் ஆண்டு மூன்று கைகள்: அவர், தெரெசியா, பிறகு கொட்டாவி விட்டுக் கையை நீட்டிய ஒருவர். பிறகு ஒன்பது. பிறகு பதினான்கு. அப்படியே நத்தை போல் ஏறியது.

கடந்த நவம்பர். உங்களுக்கே தெரியும். கூடத்தில் வாக்குள்ளவர்கள் இருநூற்றாறு பேர். தேவை நாற்பத்திரண்டு கைகள். பால்ட்ஸ் எழுந்தார். அன்று அவர் கத்தவில்லை. பனிச்சரிவு எதுவும் இறங்கவில்லை. “கேட்டுக்கறேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். தச்சர் தூக்கினார். ஊதுகொம்புக்காரர் இருவர் தூக்கினார்கள். பின்வரிசைப் பால்காரர்கள், ஒவ்வொருவராக. எண்ணுபவர்கள் வரிசை வரிசையாக நடந்தார்கள். இரண்டு முறை எண்ணினார்கள்.

நாற்பத்தொன்று.

ஊர்த்தலைவி அந்த எண்ணை வாசித்தார். கோரிக்கை தோற்றது. பிறகு வெளிப்படைக் கைதூக்கலில் வரிக்குறைப்பு வழக்கம்போல் வென்றது. நான் பத்தொன்பதாவது முறையாக வென்றேன்.

வெளியே, காலணி மாட்டும் நடைவழியில், பால்ட்ஸ் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு கைதான்டா, மெல்க்.”

“ஆமா.”

“சரியா எண்ணினாங்களா?”

“ரெண்டு தடவை.”

“சரி விடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். உனக்கு வயசாகுது, பாத்துப் படி இறங்கு.”

அடுத்த வருடம் அவருக்கு இல்லை.

என் நண்பரே! என் எதிரியே! இருபதாவது முறை யார் கேட்பார் உமக்காக? நான் கேட்பேன். வரும் நவம்பரில், பொருளாளர் நாற்காலியில் இருந்தபடியே, அல்லது, அவையோரே, நீங்கள் அதற்குள் என்னை அதிலிருந்து இறக்கிவிட்டால் பின்வரிசையில் நின்றபடி, மறைவு வாக்கெடுப்பை நான் கோருவேன். சீட்டு வந்தால் அதில் என்ன எழுதுவேன் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். அதற்குத்தானே ஐயா மறைவு! கணவாய்ச் சாலையும் ஐந்து மணிக்குத் திறந்திருக்கும். அதற்கான தாளில் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். தலைவி அவர்கள் இப்போதுதான் இதைக் கேள்விப்படுகிறார்கள், மன்னிக்கவும்.

சாப்பாடு ஆறுகிறது. உருளைக்கிழங்கு சாலடும் பன்றித்தொடையும் அடுத்த அறையில் காத்திருக்கின்றன. பசு, கன்று, மேகத்துக்குத் திரும்பிய பனி, எதையும் நம்பாதீர்கள். ஆனால் ஒரு சின்னப் பகுதி நடந்தது. மேடையில் இருப்பவர்களுக்கும் வாக்கு உண்டு, அவர்களும் கை தூக்கலாம். எண்ணுபவர்கள் மேடையைக் கடந்தபோது, நாற்பத்திரண்டாவது கை இந்த மேசைக்கு அடியில் இருந்தது. ஊனமில்லை, வலியில்லை, வேறு வேலையுமில்லை. நீங்கள் மறைவாக என்ன சொல்லிவிடுவீர்களோ என்ற பயத்தில், என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.