மல்லித் தொட்டியும் பறவை எருவும்

...ஒரு தொட்டிக்கு ஒரு பிடி போதும்டா, போட்ட கையோட... போட்ட கையோட என்னமோ செய்யணும்னு பெர்மின் பெரியப்பா சொல்வாரு சோய்லாக்கா, அதுதான் மறந்துபோச்சு. மனுஷன் ஆயுசு பூரா கடல்தீவுல பறவை எச்சம் சுரண்டி மூட்டை கட்டினவரு. அவர் சொன்னதுல பாதிதான் மண்டையில நின்னுச்சு. மறந்த பாதி இப்ப உங்க மூணாவது மாடி வரைக்கும் நாறுது.

உள்ள வாங்க. மூக்கைப் பொத்திக்கங்க, தப்பா நினைக்க மாட்டேன். காலையில குடிச்ச காபி இன்னும் தொண்டையிலதான் நிக்குது.

இல்லக்கா, பூனை எதுவும் செத்துக் கிடக்கல. எருதான். மண்ணுக்குள்ள புதைச்சு மூடணுமாம், எருக்கடைக்காரன் இப்பதான் சொல்லிச் சிரிக்கிறான். நான் மேலாகத் தூவிட்டேன். ஒரு பிடியா தூவினேன்? அள்ளி அள்ளிப் போட்டேன். நம்ம லீமா வானம்தான் தெரியுமே, கழுதை வயிறாட்டம் சாம்பல் பூத்து, மாசக்கணக்குல வெயிலே இல்ல. செடி வெளிறிப்போய் நூலா நீண்டுச்சு. வெயில் குறைச்சலை எருவுல ஈடுகட்டலாம்னு பாத்தேன். ஈரம் ஏறுதேன்னு சன்னலையும் சாத்தி வச்சேன். சிரிங்க, சிரிங்க. இத்தாலிக்கு வேலைக்குப் போயிட்டுத் திரும்பி வந்த துரை கூடத்துல விவசாயம் பண்றாருன்னு கட்டடமே சிரிக்குது.

இதப் பாருங்க, மிளகாச் செடி. அடித்தண்டு அழுகி, கொழகொழன்னு... ஐயோ, தொடாதீங்க! தினம் தண்ணி ஊத்தினேன், பாசமாத்தான். அடியில ஓட்டை போடணும்னு யாருக்குத் தெரியும்? தொட்டிக்கு அடியில இருக்குற தட்டுல பாருங்க, புழு நெளியுது. நேத்து சூப்புல பூச்சி மிதந்துச்சு. ச்சீ! இலை தழைன்னாலே வெறுத்துப்போச்சு எனக்கு.

ஆமா, கூட்டம் போட்டு முடிவு பண்ணிட்டீங்க, சாயங்காலத்துக்குள்ள எல்லாத் தொட்டியும் வீட்டை விட்டுப் போகணும். நியாயந்தான். நான் உங்க இடத்துல இருந்தா கதவையே உடைச்சிருப்பேன்.

எர்லிந்தாவா? உள்ளதான் இருக்கா. பொண்டாட்டிக்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம். போன வருஷக் காய்ச்சல்ல அவ மூக்கு போச்சு. ஒரு வாசனையும் தெரியாது. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னா, மூக்கு செத்தவ கடையில எவன் சாப்பிடுவான்னு. சுர்கீயோ சந்தையில அவ கடையில, கொத்தமல்லி அரைச்சுக் கிண்டுற பச்சைச் சோத்துக்கு வரிசை நிக்குமே. ஒரு நாள் மல்லி கருகினது தெரியாம பரிமாறிட்டா. எவனோ தட்டைத் தள்ளி விட்டான். அன்னைக்குச் சாத்தின கடை.

டாக்டரம்மாதான் சொன்னாங்க, தினம் காலையில அப்பப் பறிச்ச இலையைக் கசக்கி மோந்துக்கிட்டே இருக்கட்டும், திரும்பினாலும் திரும்பும்னு. அதான் மல்லி, புதினா, கிழங்குக்கு அரைச்சு ஊத்துற வக்கதாய் இலை எல்லாத்தையும் வீட்டுக்குள்ளேயே வச்சேன். எத்தனை இலை கசக்கினேன்! காகிதத்தை மோந்த மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு, போதும் விடுன்னு சொல்லுவா.

என்னக்கா? இந்த நாத்தம் அவளை ஒண்ணும் பண்ணலையான்னா?

இன்னைக்கு விடியக்காலம் போர்வையை உதறிட்டு ஓடி வந்தா. மூக்கைச் சுளிச்சா. அட மடையா, என்னத்தக் கொண்டாந்து கொட்டியிருக்க, குடலைப் புரட்டுதுன்னு கத்தினா.

தொட்டியெல்லாம் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போயிடும்க்கா. மல்லித் தொட்டி மட்டும் அவ கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கும்.