சுவருக்கு அந்தப் பக்கத்து இடிந்த கோயில்

“சாவி உன்கிட்டதானே இருந்துச்சு முத்தம்மா? படத்துக்கென்ன கால் முளைச்சுதா?”

“என் பையைக் கொட்டிப் பாருங்க சார். அடுத்த மாசம் என் பொண்ணு மமதாவுக்குக் கல்யாணம். திருடின்னு கத்தாதீங்க, தெருவே கேக்குது.”

தெரு கேட்டதோ இல்லையோ, நான் கேட்டேன். ரசத்துக்குப் புளி கரைத்த கையோடு வாசலுக்கு வந்துவிட்டேன். தொண்ணூற்றேழு, ஆடி மாதம். பெங்களூர் தொம்மலூரில் எங்கள் வீட்டுக்கும், முத்தம்மா வேலை செய்த தியோடர் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் சண்டை என்றால் இந்தப் பக்கம் ரேடியோ தேவையில்லை.

படம் உள்ளங்கை அகலம்தான். அவர் தாத்தாவுக்கு ஒரு வெள்ளைக்கார துரைசானி கொடுத்தது. வரைந்ததல்ல, கடுகில் பாதிகூட இல்லாத கண்ணாடித் துணுக்குகளை ஆயிரக்கணக்கில் நெருக்கிப் பதித்தது. கூரை போய், மூன்று தூண் மட்டும் நிற்கிற கோயில். “ரோமாபுரிங்க ருக்மிணியம்மா, ரெண்டாயிரம் வருஷத்துக் கோயில்” என்று பெருமையாகக் காட்டி, ஆணி அடித்து மாட்டினார். ஆணிக்கு நேர் பின்னால் என் பூஜை அலமாரி.

பின்னமான சாமியை வீட்டில் வைக்கக் கூடாது, நீரில் விட வேண்டும். இதில் கோயிலே பின்னம். அது ஏறிய நாளிலிருந்து என் மகன் கிஷோருக்கு வந்த மூன்று வரன்களும் தட்டிப்போயின. தூணும் மூன்று. சாயங்காலம் விளக்கேற்றினால், சுவருக்குள் கல் சரிவது கேட்கும்.

அவர்கள் வெளியூர் போனால் சாவி என்னிடம்தான் இருக்கும். அந்த ஆடியிலும் போயிருந்தார்கள்; ஒரு காலையில் திறந்தேன், எடுத்தேன், பூட்டினேன். மஞ்சள் துணியில் சுற்றி அல்சூர் ஏரியில் விட்டேன். விற்றுத் தின்னவில்லை, அதற்குத் திருட்டு என்று பெயர் சொல்ல மாட்டீர்கள்.

அன்று வாசலில் என்னைப் பார்த்ததும் தியோடர், “நீங்களே சொல்லுங்கம்மா” என்றார்.

“சாவியை முத்தம்மாகிட்டதான் குடுத்தேன்” என்றேன். உண்மைதான். வீடு பெருக்க அவள் வந்தபோது கொடுத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். ஐந்தாம் நாள் முத்தம்மாவை அதே ஏரியிலிருந்து எடுத்தார்கள். சுவருக்குள் இப்போதும் கேட்கிறது. கல் அல்ல, ஈரப் புடவையைப் பிழிகிற சத்தம்.

தியோடர் வீட்டை விற்றுவிட்டு மைசூருக்குப் போய்விட்டார். கிஷோருக்குத் தையில் தர்ஷினி அமைந்தாள், ஓசூரில் குடித்தனம். மமதாவுக்குத்தான் இன்னும் அமையவில்லை. பாவம், தங்கமான பெண். விசாரிக்க வருகிறவர்கள் முதலில் என் கதவைத்தான் தட்டுகிறார்கள். கல்யாண விஷயம், மறைக்க எனக்கு மனசு வருவதில்லை. அவள் அம்மாவின் திருட்டைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.