குளிருக்கு நின்ற இடம்

ஆரணியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். பக்கத்திலிருந்த கணவன் மனைவியை எனக்குக் குரலாகத்தான் தெரியும். அந்த அம்மா உட்காருவதும் எழுவதுமாக இருந்ததில் பெஞ்சு ஆடிக்கொண்டே இருந்தது.

"குளுருக்கு எதமா இருக்குதுன்னு யாராவது ரேடார் முன்னாடி போயி நிப்பாங்களா?"

"மெதுவா பேசு. பட்டாளத்துல எல்லாரும்தான் நின்னோம். மலைமேல அப்படிக் குளுரு. அங்க நின்னா ஒடம்பு சூடாவும்."

"அம்பது கூட ஆவல, ரெண்டு கண்ணுலயும் பொரை எப்படி வந்துச்சுன்னு டாக்டரு கேட்டாரே, இத்தச் சொல்றதுக்கு என்ன?"

"ரேடார் அலை ஒடம்புக்கு ஆவாது, கிட்ட வராதன்னு போர்டு வெச்சிருந்தாங்க. நாமளா போயி நின்னுட்டு, எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது? அதனாலதான் வந்துச்சுன்னு யாரு கண்டா?"

"நம்ம பையனும் இப்ப அதே ரேடார் டியூட்டிலதான கீறான்? குளுருக்கு ஒரு வழி வெச்சிருக்கறோம்மான்னு முந்தாநாளு ஃபோன்ல சிரிச்சானே."

பெஞ்சு பலமாக ஒருமுறை ஆடியது. இந்த முறை எழுந்தது அவர். குரல் மேலேயிருந்து வந்தது.

"ஃபோன எடு. நீயே அவன் நம்பரப் போட்டுக் குடு. எனக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியல."