பெயர் போட்டால் போதும்

அனுமதி கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்களுக்குப் பதில் எழுதுவதுதான் அலுப்பு.

எங்கள் இதழைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. பிளோவ்திவ் நகரில் பழைய புகையிலைக் கிடங்குகளுக்குப் பின்னால் இரண்டு அறைகளில் நடக்கிற காளான் ஆய்விதழ். நான் அதன் செயலாளர். படங்களும் நான் எடுப்பவைதான். முன்பு சந்தா கட்டியவர்கள் மட்டுமே படிக்க முடியும். ஒக்னியான் ஆசிரியராக வந்ததும் எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், விற்கக்கூடச் செய்யலாம். யாருடையது, எங்கிருந்து எடுத்தது என்று சொல்லிவிட வேண்டும். எதையாவது மாற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நிபந்தனை இவ்வளவுதான். ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கத்திலும் அது இருக்கிறது.

அதைப் படித்துவிட்டும் கேட்பார்கள். மூன்றாம் படத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாமா, நான்காம் படத்தைச் சிறிதாக்கலாமா என்று. 'அனுமதி தேவையில்லை, பெயர் போட்டால் போதும்' என்று நானும் எழுதுவேன். நன்றி சொல்லிவிட்டு, கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் ஒன்று கிடைக்குமா என்று மறுபடி கேட்பார்கள். கேட்கத் தேவையில்லாதவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பெயர் போட வேண்டியவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். என் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கழிந்தது.

ஒரு சனிக்கிழமை சந்தையில் ஊறுகாய்க் காளான் பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்தேன். ஒட்டியிருந்த தாளில் என் படம். ரொடோபி மலையில் ஈர இலைச் சருகின்மேல் குப்புறப் படுத்து, வெயில் சாயும்வரை காத்திருந்து எடுத்தது. அன்றைக்குப் பிடித்த முழங்கால் வலி இன்னும் விடவில்லை. பாட்டிலில் கம்பெனியின் பெயர் இருந்தது, உப்பின் அளவு இருந்தது. என் பெயர் இல்லை. கம்பெனிக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். பிறகு பார்க்குமிடமெல்லாம் என் படங்கள்தான். ஒரு சாராயக்கடை உணவுப் பட்டியலில், ஒரு நாட்காட்டியில், ஒரு பள்ளிப் பாடநூலில். பாடநூலில் மட்டும் பெயர் போட்டிருந்தார்கள். வேறொருவன் பெயர்.

ஒக்னியானிடம் சொன்னேன். வெண்ணெய் ரொட்டியைக் கடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "விடுங்கண்ணே. ஊருக்குன்னு தொறந்து விட்ட குளம். எவன் குடத்துல மொண்டா என்ன, எவன் அண்டாவுல மொண்டா என்ன?"

"குளத்தை வெட்டினவன் பேரு வேண்டாமா?"

"குடிக்கிறவன் கல்வெட்டையா படிக்கிறான்? தாகத்துக்குக் குடிக்கிறான். நீங்க போய்ப் படுத்துத் தூங்குங்க."

நான் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆள் இல்லை நான். யோசித்தேன்.

நிலப்படம் வரைகிறவர்கள், திருடனைப் பிடிக்க, இல்லாத தெரு ஒன்றை வரைந்துவைப்பார்களாம். இன்னொருவன் படத்திலும் அந்தத் தெரு இருந்தால், பார்த்து வரைந்தவன் மறுக்க முடியாது. நியாயமான முறையாகத்தான் பட்டது. சென்ற கோடையில், உண்ணத் தக்க காளான்களையும் நச்சுக் காளான்களையும் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் என் இரண்டு படங்கள் அருகருகே. ஒன்று புறாக் காளான். வெண்ணெயில் வதக்கினால் அதற்கு ஈடு இல்லை. மற்றது சாவுக்காளான். இரண்டுக்கும் தொப்பி பச்சை. கட்டுரையாளர் சரிபார்த்துத் திருப்பி அனுப்பிய பிறகு, இணையத்தில் ஏற்றுவதற்கு முன்னால், படங்களின் கீழிருந்த பெயர்களை நான் இடம் மாற்றினேன். கட்டுரையின் வாசகத்தைத் தொடவில்லை. தண்டில் வளையமும் அடியில் பையும் இருந்தால் கிட்டே போகாதே என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. படிக்கிறவனுக்கு ஆபத்தில்லை. படிக்காமல் படத்தை மட்டும் வெட்டியெடுக்கிறவன்தான் மாட்டுவான். அந்த ஊறுகாய்க் கம்பெனி மாட்டியதும் திருத்திவிடுவதாக இருந்தேன்.

கம்பெனி எடுக்கவில்லை.

அக்டோபரில் மலையூர் ஒன்றிலிருந்து வெலிச்கா என்ற பெண்மணி தொலைபேசியில் பேசினார். அந்த ஊர் நூலகத்தையும் மன்றத்தையும் கவனித்துக்கொள்கிறவர்.

"ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். சோஃபியாவுலேர்ந்து புதுசா நாலஞ்சு குடும்பம் இங்க வந்து வீடு வாங்கியிருக்குங்க. மழை பெஞ்சா போதும், கூடையத் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிடுதுங்க. கத்திரிக்காய்க்கும் காளானுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைங்க. பயமா இருக்கு. உங்க படத்தைப் பெருசா அச்சடிச்சு மன்றத்துச் சுவத்துல ஒட்டலாமா?"

"அனுமதி தேவையில்லை. பேரு போட்டா போதும்."

"பேரைச் சொல்லுங்க, எழுத்து எழுத்தா எழுதிக்கிறேன்."

எழுத்து எழுத்தாகவே எழுதிக்கொண்டார். என் பெயர், இதழின் பெயர், ஆண்டு, எதுவும் மாற்றப்படவில்லை என்ற குறிப்பு. சுவரொட்டியைத் தொலைக்காட்சிச் செய்தியில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமாக, நிபந்தனை பிசகாமல், யாரும் என் பெயரைப் போட்டதில்லை. செய்தி வாசித்த பெண் என்ன சொல்கிறாள் என்பது என் காதில் சற்றுத் தாமதமாகத்தான் விழுந்தது.

யாவோரும் பில்யானாவும் புதிதாக வந்த தம்பதி. சுவரொட்டியைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு காட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஒரு தட்டு வெலிச்காவுக்கும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், நன்றிக்கு. சாவுக்காளான் உடனே காட்டிக்கொடுக்காது. வயிறு கலங்கும், பிறகு தணியும். பிழைத்துவிட்டோம் என்று நினைக்கையில் கல்லீரல் போயிருக்கும். மூன்று பேரும் அப்படித்தான் போனார்கள்.

பத்திரிகைகள் அச்சுப்பிழை என்று எழுதின. பிறகு பக்கம் அமைக்கிற மிகாயெலாவின் கவனக்குறைவு என்று எழுதின. அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நேற்று அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நான் சரியாத்தான் வெச்சேன் சார். சத்தியமா சரியாத்தான் வெச்சேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

அவளுக்காகத்தான் இன்று இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அரைகுறையாகச் சொல்வது எனக்கு வராது. வெலிச்கா இரண்டாம் முறையும் பேசினார். அச்சகத்துக்குக் கொடுக்கப் போகிற அன்று.

"ஐயா, ஒரு சந்தேகம். நாங்க சின்ன வயசுலேர்ந்து தின்ன புறாக் காளான் வலது பக்கத்துல இருக்கிற மாதிரில்ல தெரியுது? தொப்பி வெடிச்சுவெடிச்சு இருக்குமே. படத்துல அதுக்குக் கீழ விஷம்னு போட்டிருக்கு."

என் மேசையில் மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் ஊர் முழுக்கப் பரவும், கம்பெனி உஷாராகிவிடும் என்று தோன்றியது. இத்தனை நாள் பொறுத்திருந்ததெல்லாம் வீணாகும். மேலும், அதைக் கேட்பதற்கு அவர் யார் என்றும் தோன்றியது. அனுமதி கேட்டார், கொடுத்தாயிற்று.

"நிபுணருங்க சரிபார்த்த கட்டுரைம்மா. உள்ளபடி போடுங்க. எதையும் மாத்தாதீங்க."

"அப்ப என் கண்ணுதான் மங்கிப்போச்சு போல," என்று சிரித்தார். "பெரியவங்க நீங்க சொன்னா சரிதான்."

பேசி முடித்ததும் சூப்பைச் சூடாக்கிக் குடித்தேன்.

நீங்கள் எழுதிய தாளைக் காட்டினீர்கள். படித்தேன். 'படங்களின் பெயர்கள் இடம் மாறியுள்ளன' என்று இருக்கிறது. தானாக மாறியதுபோல. அதை அடித்துவிட்டு, மாற்றியவர் லியூபென் பெஹ்லிவானோவ் என்று போடுங்கள். பெஹ்லிவானோவில் மூன்றாவது எழுத்து 'லி', 'ளி' அல்ல. எல்லோரும் அங்கேதான் தப்பு விடுகிறார்கள்.